உச்சிக்குழி

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருந்த அந்த வருடங்களில் வீட்டில் எனக்குக் கால் தரிக்காது. கணவரை ஒட்டிக் கிடைத்த டிபெண்டன்ட் விசாவில் வேலைக்குப் போக முடியாது. மகனை டேகேரில் விட்டுவிட்டு, ஸ்பானிஷ் பேசும் தாய்மாருக்காக ஹூஸ்டனில் நடந்த இலவச கிளினிக்கில் போய் உதவுவேன். என் ஸ்பானிஷ் அரைகுறை. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஒரு கோடை மதியம் ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு வந்தாள். முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. குழந்தை அழவே இல்லை. உச்சிக்குழி உள்ளே இறங்கிக் கிடந்தது.

"உச்சி விழுந்துவிட்டது, ஏற்றிவிட வேண்டும்" என்றாள்.

அப்படி ஒரு நோயே கிடையாது, உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது என்றார் நர்ஸ். அவர் சொன்னது சரிதான். சொன்ன விதத்தில் அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. குழந்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவர்கள் ஊர்ப் பக்கம் உச்சி விழுந்தால், கைராசிக்கார அம்மாள் ஒருத்தி குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டுவாள். அங்கேதான் கிளம்பினாள்.

பார்க்கிங்கில் ஓடிப்போய் மறித்தேன். நர்ஸ்மேல் கோபம், இவள்மேல் கோபம், வாயில் வராத ஸ்பானிஷ்மேல் அதைவிடக் கோபம்.

"உச்சி விழுந்திருக்கிறது, நிஜம்தான்" என்றேன். அவள் நின்றாள். "எங்கள் ஊரில் உச்சியில் எண்ணெய் வைப்போம். ஆனால் உள்ளே தண்ணீர் நிறைந்தால்தான் அது மேலே வரும்."

"உங்கள் ஊரிலும் விழுமா?"

"விழும்."

எண்ணெய் வைத்தால்தான் வருவேன் என்றாள். வைக்கலாம் என்று உள்ளே கூட்டிவந்து நர்ஸிடம் எண்ணெய் கேட்டேன். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேபி ஆயிலை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் குழந்தையின் உச்சியில் ஒரு சொட்டு வைத்தாள். பிறகு மடியில் போட்டுக்கொண்டு உப்பும் சர்க்கரையும் கலந்த மருந்துத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள்.

கிளினிக் மூடுவதற்குள் சிறுநீர் போகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிதான் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே குடியேற்றப் பேப்பர் கேட்பார்கள் என்று அந்தப் பெண்ணுக்கு நடுக்கம். நாங்கள் அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் கண் வாசலுக்குப் போனது. மறுபடி ஓடிவிடுவாளோ என்று நான் வாசலுக்கும் குழந்தைக்குமாக நடந்தேன். டயப்பரைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்து கிடக்கும். அடுத்த நிமிஷம் மறுபடி தொடுவேன்.

கணவர் போன் பண்ணினார். "எங்க இருக்க? டேகேர் மூடப் போறாங்க."

"நீங்களே போய் பிக்கப் பண்ணிக்குங்க. இங்க குழந்தை இன்னும் ஒண்ணுக்குப் போகல."

"எந்தக் குழந்தை?"

விளக்கப் பொறுமை இல்லாமல் கட் பண்ணிவிட்டேன்.

மூடும் நேரமானதும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நர்ஸ் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். என் கையைப் பிடித்து இழுத்து டயப்பரின் மேல் வைத்தாள்.

கனமாக, சூடாக இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குழந்தையும் வீல் என்று அழுதது, அன்று முதல் தடவையாக. கணவருக்குப் போன் பண்ணினேன். பின்னால் எங்கள் பையன் கத்துவது கேட்டது.

"போயிடுச்சுங்க" என்றேன்.

"சரி, சாப்பிட்டியா?" என்றார்.