மீனுக்கு ஏற்ற ஒயின்

ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்காக நான் அமெரிக்காவில் பிளானோ நகருக்குப் போன புதிதில் எனக்கு மேனேஜராக இருந்த தமிழருக்கு நீண்ட, கூர்மையான மூக்கு. ஒயினை ஊற்றினால் உடனே குடிக்கமாட்டார். கண்ணை மூடி, கோப்பைக்குள் மூக்கை நுழைத்து, நெடுநேரம் முகர்வார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் தன் அமெரிக்க பாஸையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். அல்பரீன்யோ என்று ஸ்பெயின் நாட்டு வெள்ளை ஒயின் ஊற்றினார்.

"எலுமிச்சை, பீச் பழம், கடைசியில லேசா கடல் உப்பு. இதுக்கு மீனைவிட பெஸ்ட் மேட்ச் கிடையாது" என்றார். மேஜையில் சீஸ் துண்டுகள்தான் இருந்தன.

"மீன் இல்லையா சார்?"

"வீட்டுக்குள்ள மீனா? கார்ப்பெட்ல ஸ்மெல் போகவே போகாதுய்யா."

அங்கே நம்மவர்கள் பலரையும் போல அவர் மனைவியும் கார் நிறுத்தும் கராஜில்தான் மீன் பொரிப்பார். பாஸ் கிளம்பிய பிறகு நாங்கள் சாப்பிட அன்றும் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தார். பாஸுக்கு அந்த வாசனை எட்டிவிட்டது. "பிரமாதமாக இருக்கிறதே, யார் சமைக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டார்.

மனைவிக்குக் கேட்டிருக்கவேண்டும். தட்டில் இரண்டு துண்டு மீனோடு, மலர்ந்த முகமாய்க் கராஜ் கதவைத் திறந்தார்.

"பக்கத்து வீடாக இருக்கும்" என்று பாஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மேனேஜர்.

மனைவி அப்படியே திரும்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் கோப்பைக்குள் மூக்கை நுழைத்தார்.

"கடல் வாசனை வருது பாருய்யா" என்றார் என்னிடம்.

எனக்கு வந்தது மீன் கருகும் வாசனை. அந்த நீண்ட மூக்குக்கு அது எட்டியதா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.