பெரியவாப்பா மறைத்த முடிவு

அந்தப் பழுப்பு உறை என் கைக்கு வந்தபோது வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து நாற்பது நாளாகியிருந்தது. நாற்பதாம் நாள் கத்தம் ஓத அழைக்கும் ஆட்களின் பெயர் எழுதப் பேனை தேடி, பெரியவாப்பாவின் கடை மேசை லாச்சியை இழுத்தேன், அடியில் கிடந்தது. உள்ளிருந்த தாளைப் படித்துவிட்டு அழகாக மடித்து வைத்திருந்தார். வாப்பாவின் காக்கா, மூத்த அண்ணன் அவர். கல்முனையில் எங்கள் குடும்பத்துக் கடிதங்களெல்லாம் அவர் கடை விலாசத்துக்குத்தான் வரும். அந்த வழக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். மாவடிப்பள்ளி வயலில் வேளாண்மை வெட்டு நடந்த நாட்களில் வாப்பாவுக்குச் சலம் கழிக்கையில் இரத்தம் போனது. சூடு என்று சொல்லி, இளநீர் குடித்தே இரண்டு மாதம் கடத்தினார். கொழும்பில் சலப்பையில் கட்டி என்று கண்டு, ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். இப்போது சிறுநீரிலேயே என்னென்னவோ குறிகளைத் தேடி, நோய் எப்படிப் போகும் என்று கணிக்கிறார்களாம். அன்று எங்களுக்குக் கிடைத்தது, கண்ணாடித் துண்டில் கலங்களின், அதாவது செல்களின், உருவத்தைப் பார்த்துச் சொல்லும் முடிவு ஒன்றுதான். டொக்டர் எனக்குத் தெளிவாகச் சொன்னார்: சாதுவான கலங்களென்றால் அவ்வப்போது குழாய் விட்டுப் பார்த்தால் போதும், பொல்லாதவை என்றால் தாமதிக்காமல் சலப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்து வெளியே ஒரு பை கட்ட வேண்டும். முடிவு தபாலில் வரும்.

நான் கேட்டபோதெல்லாம், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றார் பெரியவாப்பா. ஆங்கிலம் படிப்பிக்கிற நான், தாளைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. அந்த மடத்தனத்துக்கு என்னையும் திட்டிக்கொள்கிறேன். தாளில் இருந்ததோ, பொல்லாத வகை, நோயாளியை உடனே அழைத்து வரவும் என்பது.

அதை அவர் முன்னால் போட்டேன். கண்கூடச் சிமிட்டவில்லை மனிதர்.

"மூத்திரப் பையத் தொங்கப் போட்டுக்கு அவன் எப்பிடிப் பள்ளிவாசலுக்குப் போற, மகள்? அவன்ட தொழுகையக் காப்பாத்தினன்."

ஒரு மௌலவியிடமாவது கேட்டாரா? இல்லை. நான் போய்க் கேட்டேன். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கைகால் கழுவிப் புதிதாக உளூ எடுத்தால் போதும், நோயாளிக்கு மார்க்கத்தில் இடமிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஒரேயொரு நிமிடம். தன் அருவருப்புக்கு மார்க்கம் என்று பேர் வைத்துத் தம்பியைக் கப்றுக் குழிக்கு அனுப்பியிருக்கிறார்.

ஏழெட்டு வருடம் கழித்து அவருக்கே சலம் அடைத்தது. குழாயும் பையும் போட்டார்கள். அன்றைக்கே ஆளனுப்பி மௌலவியைக் கூப்பிட்டுச் சட்டம் கேட்டார். பையோடு கட்டிலில் இருந்தபடியே ஐந்து வக்தும் தொழுதார். மௌத்து நெருங்கியதும், செய்த பிழைகளுக்கு எல்லோரிடமும் மாப்புக் கேட்டார். என் முறையும் வந்தது.

"என்ன மாப்புச் செய்யி மகள்."

"நான் ஆரு செய்ய? வாப்பாக்கிட்டப் போய்க் கேளுங்க."

அறையிலிருந்தவர்கள் எல்லோரும் என்னை முறைத்தார்கள். அவர் மட்டும், "ஓம்" என்று தலையாட்டினார்.