மம்மா தட்டிய அறுபத்திரண்டு பெயர்கள்

மம்மா பெப்ரவரியில் இறந்தார். மாரடைப்பு. வயது அறுபத்தொன்று. நினைவுக் கூட்டத்தில் எல்லோரும் சட்டத்தரணி கிளோடியாவைப் பற்றிப் பேசினார்கள். நான் எழுதுவது அவர் சட்டத்தரணி ஆவதற்கு முந்திய ஆறு மாதங்களை. 2006 ஜனவரி முதல் ஜூன் வரை. அவ்வளவு சந்தோஷமான மனுஷியை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

மட்டக்களப்பு டவுனில் ஒரு நொத்தாரிசிடம் மம்மா இருபது வருடம் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்தார். இடையில் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதினார். முடிக்க ஒன்பது வருடம். அதன் பிறகு ஆறு மாதம் ஒரு சட்டத்தரணியின் கீழ் பயிற்சி செய்து, சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் இன்னொருவரைத் தேடி மறுபடியும் ஆறு மாதம்.

லண்டனில் தலைமையகம் உள்ள ஒரு சட்ட நிறுவனத்தின் கொழும்புக் கிளைக்கு விண்ணப்பித்தார். சுனாமி வீட்டுத் திட்டங்களுக்கு அவர்கள் இலவசமாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தமிழில் உறுதி எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. போர்த்துக்கேயர் வழிவந்த நாற்பத்து மூன்று வயதுப் பறங்கிப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். மற்றப் பயிலுநர்கள் மூவருக்கும் இருபத்து நான்கு. மம்மாவை அன்ரி என்றார்கள்.

அலுவலகம் பதினெட்டாம் மாடி. முதல் நாள் பின்னேரம் எனக்குக் கோல் வந்தது. நான் பேராதனையில் பொறியியல் இறுதி வருடம்.

"மகள், இஞ்ச கோப்பிக்கு ஒரு மெசின். காசு இல்ல, சும்மா. அஞ்சு குடிச்சிட்டன். கை நடுங்குது."

"ஏன் அஞ்சு?"

"பட்டன் அஞ்சு இரிக்கு."

அங்கே ஒரு மணித்தியாலத்தைப் பத்தாக வெட்டுவார்கள். ஆறு ஆறு நிமிடமாக என்ன வேலை செய்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மம்மா அதற்குத் துண்டு என்று பெயர் வைத்தார். "உன்னோட ரெண்டு துண்டு கதைச்சிட்டன், வைக்கிறன்" என்பார். ஒரு நாள் தாளில் 'ஒரு துண்டு: நூலகத்தில் வழி தெரியாமல் நின்றது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மற்ற மூவரும் சிரித்து முடிக்க இன்னும் இரண்டு துண்டு போனதாம்.

அப்பா டஸ்டின் மட்டக்களப்பில் தன் கராஜில் இருந்தபடி எனக்குச் செய்தி சொல்வார். "உன்ட மம்மா லிப்டுக்கு குட் மோனிங் சொல்றாவாம். அது பதில் சொல்லத் தொடங்கினா எனக்குச் சொல்லு, போய்க் கூட்டி வாறன்."

மம்மாவின் மேலதிகாரி றொவீனா. கொழும்புப் பறங்கியர், லண்டனில் படித்தவர், மம்மாவைவிட ஐந்து வயது இளையவர். சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். அவரும் மம்மாவும் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன்.

ஜூன் கடைசியில் காத்தான்குடிக் கடற்கரையில் அறுபத்திரண்டு வீடுகள் கையளிக்கத் தயாராயின. பதினெட்டு மாதம் தகரக் கொட்டிலில் இருந்த குடும்பங்கள். ஒப்பந்தங்களை மம்மா தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டினார். அந்த நிறுவனத்தில் எந்தப் பத்திரத்தையும் இருவர் எதிரெதிரே இருந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துச் சரிபிழை குறிக்க வேண்டும். அன்று மற்றவருக்குக் காய்ச்சல். மம்மா தானே வாசித்து, தானே கேட்டு, தானே 'சரி' போட்டார்.

கையெழுத்து நாள் ஜூன் 29. மறுநாளோடு பயிற்சி முடிகிறது. மம்மாவும் றொவீனாவும் கொழும்பிலிருந்து வந்த வான் வண்டியில், விடுமுறையில் வீட்டில் நின்ற நானும் ஏறிக்கொண்டேன். கல்லடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். சிவப்பு நாடா கட்டிய அறுபத்திரண்டு ஒப்பந்தங்கள். அவன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். மூடுமுன் றொவீனா ஒன்றை விரித்தார். பிறகு இன்னொன்றை. பிறகு பத்தை.

"கிளோடியா, வீடுகளைக் கட்டிய கொடை நிறுவனம் தந்த பட்டியலில் குடும்பத் தலைவர் ஆதம்பாவா. வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் உம்மு குல்தூம் என்று இருக்கிறது. யார் அவர்?"

"மனைவி, மேடம். பட்டியல்ல பக்கத்துப் பேர்."

"எல்லாவற்றிலும் மனைவியா?"

மம்மா ஒன்றை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு, நான் பயந்தபடியே, சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. இந்தக் கரையில் கல்யாணத்தோடு வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். இருபது வருடமாக வீடு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மம்மா தட்டியது பெண்பிள்ளைகளின் பெயரை மட்டும்தான். விரல்கள் அதையே செய்துவிட்டன.

"சரிபார்க்காத பத்திரத்தோடு வந்திருக்கிறோம். இன்றைக்குக் கையளிக்க முடியாவிட்டால் உன் சான்றிதழில் நான் கையெழுத்திட மாட்டேன்" என்றார் றொவீனா.

சிரிப்பு நின்றது.

வீட்டுத் திட்ட வாசலில் சனம் காத்திருந்தது. றொவீனா முதல் ஒப்பந்தத்தை எடுத்து, ஆதம்பாவாவைக் கூப்பிடச் சொன்னார். வலை வியாபாரி, ஐம்பது வயது. பிழை நடந்துவிட்டது, வீடு மனைவி பெயரில் வந்திருக்கிறது என்று சொல்லும்படி மம்மாவைப் பணித்தார். மம்மா அப்படியே சொன்னார்.

"இதில என்ன பிழ, நோனா?" ஆதம்பாவாவுக்கு விளங்கவில்லை.

"உங்கட பேர்ல வரோணும் எண்டு பட்டியல்ல இரிக்கு."

"எனக்கெதுக்கு ஊடு? நான் கலியாணம் முடிச்ச நாள்ல இரிந்து இவட ஊட்டுலதான் இரிக்கன்."

உம்மு குல்தூம் முன்னுக்கு வந்தார். "நோனா, எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள. இவர்ர பேர்ல எழுதினா அவகளுக்கு நான் எத்தக் குடுக்கிற? மத்தது, சண்ட வந்தா வெளிய போறவர் இவர். அத மாத்தப்படா."

"அது சரிதான்" என்றார் ஆதம்பாவா. வரிசை முழுவதும் சிரித்தது. மம்மா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். சண்டையையும் சேர்த்து.

றொவீனா கொடை நிறுவனத்துக்குக் கோல் எடுத்தார். குடும்பத்துக்கு ஒரு வீடு, பெயர் கணவனுடையதா மனைவியுடையதா என்பது தங்களுக்குப் பிரச்சினை இல்லை, கணவன் எழுத்தில் சம்மதித்தால் போதும் என்றார்கள். ஒவ்வோர் ஒப்பந்தத்தின் அடியிலும் மம்மா கையால் ஒரு வரி எழுதினார். அறுபத்திரண்டு கணவர்கள், தமக்கு இந்த வீட்டில் உரித்து இல்லை என்று கையெழுத்திட வரிசையில் நின்றார்கள். அசனார் என்ற கிழவர் பேனையை வாங்கி, "எனக்கு ஊடு இல்ல எண்டு இவ்வளவு மரியாதையா ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். பின்னால் நின்றவர், "கெதியாப் போடுங்க காக்கா, எனக்கும் இல்லாமப் போகோணும்" என்று மூத்தவரை அவசரப்படுத்தினார். மம்மா எழுதிக்கொண்டே சிரிப்பில் குலுங்கினார். அந்த எழுத்துகள் இன்றும் அந்த வீடுகளில் கோணலாகத்தான் இருக்கும்.

முடிந்ததும் றொவீனா மம்மாவை வானின் மறுபக்கம் கூட்டிப் போனார். நான் உள்ளே இருந்தேன், கேட்டது.

"இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன் என்று சொல். சிறந்த தீர்மானம் என்று எழுதுகிறேன். ஜூலையிலிருந்து நிரந்தர வேலை."

பதினெட்டாம் மாடி. ஐந்து பட்டன். மம்மா பேனையை மூடிக் கைப்பையில் வைத்தார்.

"இல்ல மேடம். கை போன போக்கு. நான் கவனிக்கல்ல."

"அப்படியென்றால் அதைத்தான் எழுத வேண்டும்."

"எழுதுங்க."

றொவீனா வானின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினார். காற்றுக்கு மம்மா இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சட்ட அறிவு: நன்று. மக்களோடு பழகுதல்: மிக நன்று. சரிபார்த்தல்: மோசம். அடியில் கையெழுத்து, திகதி.

மம்மா வாங்கி, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். 'மோசம்' வந்த இடத்தில் தலையாட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது.

"மேடம், ஜூலை எண்டு போட்டிரிக்கீங்க. இது ஜூன்."

றொவீனா தாளைப் பார்த்தார். மம்மாவைப் பார்த்தார். மூடிய பேனையைத் திரும்பத் திறந்தார்.