துவக்கோடு வந்தால் இருக்க முடியாது

யோகராணி அக்காவின் சாப்பாட்டுக்கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். ஸ்காபரோவில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், கண்ணாடிக்குள்ளால் பார் இருந்த மூலையைத் தேடுவேன். பியரும் கணவாய்ப் பொரியலுமாக எங்கள் வெள்ளிக்கிழமைகள் அங்கேதான் போயின. அன்புராசாவையும் அங்கேதான் கண்டேன்.

அவர் காசு கொண்டுபோகும் கவச வாகனத்தில் காவலாளி. பாருக்குப் பக்கத்தில் நின்ற காசு மெசினை நிரப்ப வருவார். முதல் நாள் கறுப்புச் சீருடையும் இடுப்பில் துவக்குமாக அவர் கதவைத் திறந்தபோது, கடை அப்படியே அடங்கிப்போனது. யாரும் சொல்லாமலே கிளாஸ்கள் மேசைக்கு இறங்கின. என் கண் பின்கதவைத் தேடியது. பக்கத்தில் இருந்த ஜூலியஸ் அண்ணை எழும்பி நின்று, பேர்சிலிருந்து ஹெல்த் கார்டை எடுத்து நீட்டிவிட்டார். ஊரில் யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் பழகிய கை.

அன்புராசா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணை, இதோட டொக்டரிட்டத்தான் போகலாம். நான் மெசினுக்கு வந்தனான்."

அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் ஜூலியஸ் அண்ணை ஏதாவதொரு அட்டையை நீட்டுவார். நூலக அட்டை, பேரப்பிள்ளையின் நீச்சல் அட்டை, ஒருமுறை யாரோ செத்தவீட்டு நினைவு அட்டை. "உது காலாவதியாப் போச்சு" என்பார் அன்புராசா, சிரிக்காமல்.

ஊரில் துவக்கைக் கண்டு ஓடியவர், இங்கே அதையே இடுப்பில் கட்டிக்கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்தார். ஒருநாளும் சுட்டதில்லை. ஒருநாளும் எங்களோடு ஒரு மேசையில் இருந்ததுமில்லை. துவக்குக் காவும் அனுமதி வேலைக்கு மட்டுந்தான். வேலை முடிந்தால் அது தூரத்தே பிறம்ரனில் இருக்கும் கம்பனி டிப்போவுக்குள் போய்விட வேண்டும். துவக்கோடு குடிவகை மேசையில் இருந்தால் அனுமதியும் போகும், வேலையும் போகும். அவர் அதை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நாங்கள் கலைந்துவிடுவோம்.

கடை பூட்டப்போகிறது என்று வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை, மெசினை வெறுமையாக்க அன்புராசா வந்தார். ஜூலியஸ் அண்ணை ஒரு பியரை அவர் பக்கம் தள்ளினார்.

"இண்டைக்காவது இரும் காணும். ஆர் பாக்கப்போறான்?"

அன்புராசா வெறுமையாகக் கிடந்த கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றார். யோகராணி அக்கா வந்து கிளாசை எடுத்துக்கொண்டு போனார்.

"கடைசி நாளெண்டு என்ர குடிவகை லைசென்சில கை வையாதேங்கோ. தம்பி, உந்தத் துவக்கைக் குடுத்திட்டு வாரும். ஏழு மணிக்குக் கடையைப் பூட்டித் திறப்பு வாங்க ஆள் வரும்."

"கதிரையை அடுக்கிப்போடாதேங்கோ அக்கா" என்றுவிட்டு அவர் போனார்.

அவர் திரும்பி வரவேண்டிய 401 நெடுஞ்சாலையில் ஒரு லொறி கவிழ்ந்து கிடப்பதாக ரேடியோ சொன்னது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த அவசரத்தில் கார் ஓடி இவர் எங்கேயாவது இடித்தால் என்று வேறு மனம் அடித்தது. திறப்பு வாங்கும் ஆள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். யோகராணி அக்கா அவனை இருத்தி மீன் ரோல்ஸ் வைத்தார். முடிய முடிய வைத்தார். கதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. எங்கள் மேசையில் மட்டும் ஒன்று மிஞ்சி நின்றது.

கட்டம்போட்ட சேர்ட்டோடு ஒருவர் உள்ளே வந்தார். சீருடை இல்லாமல் மெலிந்து தெரிந்தார். ஜூலியஸ் அண்ணையின் கை பழக்கத்தில் பொக்கற்றுக்குப் போய், பாதியில் நின்றது.

"புது முகமாக் கிடக்கு," என்றார் யோகராணி அக்கா, பாருக்குப் பின்னால் இருந்து. "தம்பி, ஐடி காட்டும்."

தலை முழுக்க நரைத்த மனிதர், கார் லைசென்சை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓம், குடிக்க வயசு காணும். இரும்."

அன்புராசா இருந்தார். வலது முழங்கையை மட்டும் உடம்போடு ஒட்டாமல், துவக்குக்கு இடம் விட்டே வைத்திருந்தார். பாதிக் கிளாஸ் முடிந்த பிறகுதான் அந்தக் கை மெல்ல இறங்கியது.