தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் தண்ணீர்

ஆஸ்பத்திரியின் முன்வாசலில் பெரிய டாக்டர் காத்துக்கொண்டிருக்க, நகராட்சித் தலைவி பின்பக்கம் அடைபட்ட சாக்கடை முன் குனிந்து நின்று, "இது எத்தனை நாளா இப்படிக் கிடக்கு?" என்று துப்புரவுக்காரரை விசாரித்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்டடமானாலும் பின்வழியாக நுழைவதுதான் அவர் பழக்கம். "முன்வாசல்ல எல்லா ஆபீசும் பளபளன்னுதான் இருக்கும். பின்பக்கம் போனாத்தான் குட்டு தெரியும்" என்பார்.

ஊருக்கே அவர் அக்கா. பல் போன பெரியவர்கூட "அக்கா" என்றுதான் குறை சொல்ல வருவார். "எங்கப்பா வயசு இருக்கும். பரவாயில்ல, சொல்லு தம்பி" என்று அக்காவும் காது கொடுப்பார். கூடப் பிறந்த தம்பிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. தேர்தல் வேலையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு அலைகிற அவரை, "என்ன மந்திரியாரே, மூஞ்சி தொங்குது?" என்று வாருவார்.

அன்று மாலை தம்பியின் முகம் நிஜமாகவே தொங்கியிருந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் குடிநீர்க் குழாய் பற்றிய கூட்டம். எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவர்களின் குடும்பங்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தலைமுறையாக லாரித் தண்ணீரை நம்பி வாழ்கின்றன. அங்கே குழாய் போக வேண்டுமென்றால், அக்கா குடியிருக்கும் தெருவின் பெரிய குழாயிலிருந்துதான் பிரிக்க வேண்டும். தெருவுக்கு வரும் தண்ணீர் பாதியாகிவிடும். போன தடவை அக்காவைக் கரையேற்றியது அந்தத் தெருவின் ஓட்டுதான். அடுத்த தேர்தலோ நெருங்கிவிட்டது.

"இன்னைக்கு அந்தப் பேச்சே வேணாங்க்கா. ஜெயிச்சுட்டு நாலு குழாய்கூடப் போட்டுக்கலாம்" என்று காதைக் கடித்தார் தம்பி.

"ஜெயிச்ச பிறகு அதுக்கடுத்த தேர்தல் வரும்டா."

வரைபடத்தோடு வந்திருந்த பொறியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார். முதல் வரிசையிலிருந்து அதே தெருவின் மருந்துக்கடைக்காரர் எழுந்தார். போன தேர்தலில் அக்காவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. அவங்க நேத்து வந்தவங்க. முதல்ல நம்ம நாட்டு ஆளுங்களைப் பாருங்க."

"நேத்தா? அங்க பொறந்த பொண்ணுக்கே கல்யாணமாகிக் குழந்தை இருக்கு. உங்க நேத்து ரொம்ப நீளம்ணே!"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நாடுன்னா மேப்புல இருக்கற கோடு மட்டுமா? வரி வாங்கறப்ப அவங்களையும் சேத்துக்கறோம். ரோடு போடக் கூப்பிடறப்பவும் சேத்துக்கறோம். தண்ணி குடுக்கறப்ப மட்டும் வெளியாளா? எங்க வீட்லயும் பாதிதான் வரும். நானும் உங்களோட வாளியத் தூக்கிட்டு நிக்கறேன். இதுக்காக எனக்கு ஓட்டுப் போடலன்னா கோவிச்சுக்க மாட்டேன். ஆனா குழாயைப் போட்டுட்டுத்தான் தோத்துப்போவேன்."

பின்பக்கம் கைதட்டல் கிளம்பியது. முன்வரிசையில் கைகள் அசையவில்லை. மருந்துக்கடைக்காரர் நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிவிட்டு வெளியேறினார். அவர் பின்னாலேயே தெருக்காரர்கள் சிலரும் போனார்கள். போகிற ஒவ்வொரு முதுகையும் தம்பி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. பேசியது கட்சித் தலைமை. விஷயம் அதற்குள் அங்கே எட்டிவிட்டது. இரண்டு வார்த்தை கேட்டதும் தம்பி மேடைக்கு ஓடினார்.

"லைன்ல இருக்காங்கக்கா. உடனே ஒத்திவைக்கணுமாம். இல்லன்னா உனக்கு இந்தத் தடவை சீட்டே கிடையாதாம். நீயே பேசிடு."

அக்கா போனை வாங்கினார். ஆனால் பொறியாளரைப் பார்த்து, "எந்த இடத்துல தோண்ட ஆரம்பிக்கறோம்னு சத்தமா சொல்லுங்க சார்" என்றார்.

பொறியாளர் வரைபடத்தைப் பிரித்தார். அக்கா போனைக் காதில் வைக்கவில்லை, துண்டிக்கவும் இல்லை. கையை நீட்டி, பொறியாளரின் வாய்க்குப் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டார்.