காபிக்காரர் போன பிளாட்ஃபாரம்

என் அக்காவின் கணுக்காலை உடைத்தது நீங்கள்தான், ஸ்டேஷன் மாஸ்டர் சார். பழியைத் தூக்கி அவள் மேலேயே போட்டு ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டீர்கள்.

நம் ஸ்டேஷனில் இருப்பதே இரண்டு பிளாட்ஃபாரம். காலையில் வைட்ஃபீல்ட் பக்கம் போகும் வண்டி ஒன்றாவது பிளாட்ஃபாரத்தில் வரும் என்று உங்கள் மைக் சொல்லும். இரண்டில் வந்து நிற்கும். நிற்பதும் ஒரு நிமிஷம்தான். மேம்பாலம் அந்தக் கோடியில் இருக்கிறது, ஏறி இறங்குவதற்குள் வண்டி போய்விடும். தண்டவாளத்தில் குதித்து ஓடுவோம். அக்காவுக்கு ஐ.டி. ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை. லேட்டாகப் போனால் சூப்பர்வைசர் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவான்.

அதனால் மைக்கை விட்டுவிட்டுக் காபிக்காரரை நம்பினோம். ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு காபி விற்பவர். தூரத்து சிக்னலைப் பார்த்தே வண்டி எதில் வரும் என்று சொல்லிவிடுவார். அவர் போய் நிற்கும் பக்கம் ஊரே போய் நிற்கும்.

அன்றைக்கு மைக் ஒன்று என்றது. ஒன்றில்தான் நின்றிருந்தோம். காபிக்காரர் ஃபிளாஸ்க்கோடு இறங்கி எதிர்ப்பக்கம் போனார்.

"அக்கா, மைக்ல ஒண்ணுன்னுதானே சொல்றாங்க?"

"அது என்னிக்குடா உண்மை சொல்லிச்சு? அவரே போறாரு, வா."

முப்பது பேராவது பின்னால் போயிருப்போம். வண்டி, மைக் சொன்னபடியே ஒன்றில் வந்தது. எல்லோரும் திரும்ப ஓடினோம். நான் மேலே ஏறிவிட்டேன். அக்காவின் கால் தண்டவாளத்தில் மாட்டி முறுக்கிக்கொண்டது. நானும் இன்னொருவரும் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போட்டோம். எஞ்சின் எங்களை உரசிக்கொண்டு போனது. அவள் பாதம் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

காபிக்காரர் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். "நான் மூத்திரம் போகப் போனேம்மா! ஃபிளாஸ்க்க வெச்சிட்டுப் போனா எவனாவது தூக்கிருவான்னு எடுத்துட்டுப் போனேன். நீங்கல்லாம் ஏம்மா பின்னாடியே வந்தீங்க?"

அப்போதுதான் நீங்கள் ரூமை விட்டு வெளியே வந்தீர்கள். "மைக்ல சொன்னோமே, கேளிஸ்லில்வா, காதுல விழலையா?" என்றீர்கள். கேட்காமல் என்ன, நன்றாகவே கேட்டது. தரையில் கிடந்தபடியே அக்கா சொன்னாள்: "இன்னிக்கு ஒரு நாள் நெசம் சொல்லுவீங்கன்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

நீங்கள் ரூமுக்குள் திரும்பிப் போனீர்கள். மறுநாள் நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து உங்கள் ஆள் ஆஸ்பத்திரிக்குக் கன்னடத்தில் எழுதிய ஒரு தாளோடு வந்தான். அக்கா கன்னடம் சரளமாகப் பேசுவாள், ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. சும்மா ஃபார்மாலிட்டி என்றான், கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவன் கொடுத்துவிட்டுப் போன ஜெராக்ஸை நான்தான் படித்தேன். நான் இங்கே கன்னடப் பள்ளியில் படித்தவன். 'அறிவிப்பைக் கேட்டும் என் கவனக்குறைவால் தண்டவாளத்தில் இறங்கினேன்' என்று இருக்கிறது. நான் படித்துச் சொன்னபோது அக்கா அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது காலில் பிளேட். நின்று செய்யும் வேலைக்கு இனி அவள் ஆகமாட்டாள். ஆபீசில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

அந்தத் தாளைக் கிழியுங்கள் என்று உங்கள் ரூமுக்கு வந்து கெஞ்சமாட்டேன். காலை வண்டிக்குக் கூட்டம் நிற்கும்போது அதே மைக்கை எடுங்கள். இத்தனை நாள் தப்புத் தப்பாகச் சொன்னது யார்? படிக்கத் தெரியாதவளிடம் கையெழுத்து வாங்கச் சொன்னது யார்? இரண்டு பிளாட்ஃபாரத்துக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். அக்காவை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.