இருவருக்கும் ஒரே கோட்டு

செவ்வாய்க்கிழமை காலை மெட்ரோவில் நின்றபடியே போனைத் திறந்தேன். பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று வந்திருந்தது. படத்தில் ஜெனிட்டா. மூன்று நாள் காய்ச்சலாம். முப்பது வயதுகூட ஆகவில்லை. முகத்தைப் பார்க்காமல் அவள் போட்டிருந்த கறுப்புக் கோட்டையே பார்த்தேன். அந்தக் கோட்டு என் வீட்டு அலமாரியில் தொங்குகிறது. அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டேன். எதற்கு இறங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பெங்களூரு வைட்ஃபீல்டில் அவளோடு வேலை பார்த்த, இந்தக் குழுவில் இருக்கும் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரி முடித்த கையோடு இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். அவள் நான்காம் மாடி, நான் ஏழாம் மாடி. ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு இருந்தும் டிராஃபிக்குக்குப் பயந்து என்னோடு பி.ஜி. விடுதி அறையில் தங்கினாள். என் ஊர் ஆனேக்கலிலிருந்து நான் கொண்டுவந்தவை எல்லாம் பூப்போட்ட குர்தாக்கள். முதல் சம்பளத்தில் மயில்நீலத்தில் பளபளவென்று ஒரு சட்டை வாங்கினேன். மறுநாளே திருப்பிக் கொடுக்க வைத்தாள்.

"இத ஒரு தடவ போட்டா ஆபீஸுக்கே ஞாபகம் இருக்கும்டி. யாருக்கும் ஞாபகம் வராத துணிதான் நமக்கு வேணும்."

சிவாஜிநகர்ச் சந்துகளில் எக்ஸ்போர்ட் மிச்சத்துணிக் கடைகளாக ஏறி இறங்கினோம். ஐந்து வெளிர்நிறச் சட்டைகள், மூன்று கருநிறப் பேன்ட்டுகள், ஒரு கோட்டு. எதை எதோடு போட்டாலும் ஒத்துப்போகும். எல்லாமே இருவருக்கும் பொது. கோட்டுக்கு மட்டும் முறை. உயரம் ஒன்றுதான், என் கை நீளம். அவள் முறை வந்தால் கோட்டின் கை நுனியை உள்ளே மடித்து நாலு தையல் போடுவோம். என் முறைக்குப் பிரிப்போம். "உடம்பு வைட்ஃபீல்டுக்கு வந்துடுச்சு, உன் கை இன்னும் ஆனேக்கல்லயே நிக்குது" என்பாள்.

ஒருநாள் கேன்டீனில் ஒருவர் என்னை நிறுத்தி, "இந்தச் சட்டைய நேத்து நாலாவது மாடில பாத்தேனே?" என்றார். பக்கத்தில் நின்ற ஜெனிட்டா, "ஆமா சார், ப்ரமோஷன் கெடச்சு ஏழுக்குப் போயிருக்கு" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்ததை எழுதத்தான் மனம் தயங்குகிறது. வேலையை நிரந்தரமாக்கும் நேர்காணல் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. அவளுக்குப் பதினொரு மணி, எனக்குப் பன்னிரண்டு. முடித்துவிட்டு வந்து ஐந்தாம் மாடிப் படிக்கட்டில் கோட்டை என்னிடம் கொடுப்பதாக ஏற்பாடு. பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருக்கையில் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளை இன்னும் கூப்பிடவே இல்லை. கோட்டைக் கழற்றி, கை நுனித் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

"உனக்குடி?"

"எனக்கு லேட் ஆகும்பா. ஜல்தி போ."

கோட்டு மறைத்துக்கொள்ளும் என்று நம்பி, தோளில் தையல் விட்ட சட்டையைப் போட்டு வந்திருந்தாள். மூன்று சேஃப்டி பின்கள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கோட்டை வாங்கிக்கொண்டு படியேறினேன்.

எனக்கு வேலை நிரந்தரமானது. அவளுக்குப் பயிற்சிக் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். "கோட்டப் பாத்தா வேலை குடுக்கறாங்க? சும்னே தலைய பிச்சுக்காதே" என்று பாதிக் கன்னடத்தில் சொன்னாள். பிறகு வேறு இடத்தில் நல்ல வேலைக்குப் போனபோது, "உனக்குத்தான் இது ராசி" என்று கோட்டை என்னிடமே விட்டுப் போனாள். அந்தப் பின்களை நேர்காணலில் யாராவது கவனித்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. பதிலுக்குப் பயம். எத்தனை முறை போனில் பேசியிருப்போம்! இனி யாரைக் கேட்பது?

கோட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா சுவரொட்டிப் படத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு கோட்டு போட்டுகினு எடுத்த படம் இது ஒண்ணுதாம்மா. எவ்ளோ ஜோரா கீறா பாரு." பையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

இந்த வருடங்களில் நானே நல்ல துணிகள் நிறைய வாங்கிவிட்டேன். அவளுடையதாக என்னிடம் மிஞ்சியது இந்தக் கோட்டு மட்டும். வீட்டுக்கு வந்ததும் கை நுனியை அவள் அளவுக்கு மடித்து நாலு தையல் போட்டேன். கடைசியாக இதைப் போட்டது நான். அடுத்தது அவள் முறை.